கணக்கா, ஆப்பா, லேபா? பாக்கெட்டின் பின்பக்க அட்டவணைக்கு எது ஒத்துவரும்

பண்ருட்டிப் பக்கம் முந்திரி மிட்டாய் போடுகிறவர்கள், கடலூர் முதுநகரில் கருவாட்டைப் பொட்டலம் கட்டி விற்கிறவர்கள், வில்லியனூரில் வீட்டிலேயே முறுக்கு சுட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறவர்கள் என்று எல்லாரும் ஒரே இடத்தில்தான் வந்து முட்டிக்கொள்கிறார்கள். சரக்கு நன்றாக இருக்கும். மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. தரும் 14 இலக்கப் பதிவு எண் கைக்கு வந்திருக்கும். பவுச் டிசைனும் பாதி முடிந்திருக்கும். அப்போது சூப்பர் மார்க்கெட்காரர் கேட்பார்: "பின்பக்கம் சத்து அட்டவணை எங்கே?"

நம் ஊர்களில் அதற்குப் புழங்கும் வழிகள் நான்கு. உணவுச் சத்துப் பட்டியலைப் பார்த்து நாமே கணக்குப் போடலாம். இணையக் கால்குலேட்டரில் பொருட்களை ஏற்றி, அது தருவதை எடுத்துக்கொள்ளலாம். மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். நான்காவது வழி, பெரிய கம்பெனி பாக்கெட்டைப் புரட்டிப் பார்த்து எண்களை அப்படியே இறக்கிவிடுவது. இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் கடை ரேக்கில் இரண்டு பாக்கெட்டை அருகருகே வைத்துப் பார்த்தால், வெவ்வேறு ஊர்க்காரர் செய்த பண்டத்துக்குத் தசம புள்ளிவரை ஒரே எண் இருப்பது தெரிந்துவிடும்.

லேபிள் வேலைக்காக வருகிறவர்களோடு உட்கார்ந்து பழகியதில் என் கட்சி இதுதான்: கணக்கு எல்லாருக்கும் வேண்டும், தப்பிக்க முடியாது. லேப் சிலருக்கு மட்டும், அதுவும் சில எண்களுக்கு மட்டும் வேண்டும். ஆப் இருந்தால் வசதி, இல்லாவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது.

முதலில், அட்டவணை உங்களுக்குத் தேவைதானா என்று பார்த்துவிடுங்கள். மிளகாய்த்தூள், மல்லித்தூள், மசாலாக் கலவை போன்றவற்றுக்குச் சத்து அட்டவணை கட்டாயமில்லை. பதப்படுத்தாத ஒற்றைப் பொருளுக்கும் வேண்டாம். பச்சை முந்திரிப் பருப்பை உடைத்துப் பாக்கெட் போட்டால் விடலாம். அதையே உப்பும் மிளகும் போட்டு வறுத்தால் விட முடியாது. புதுச்சேரி பேக்கரியில் கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்துக் காகிதத்தில் சுற்றிக் கொடுக்கும் பிஸ்கட்டுக்கு யாரும் அட்டவணை கேட்கப்போவதில்லை. அதே பிஸ்கட்டை ஒட்டிய கவரில் போட்டு வேறொருவர் கடையில் வைத்தால் வேண்டும். எல்லை தாண்டினால் விதி மாறுமோ என்று கடலூர்க்காரர்கள் கேட்பார்கள். மாறாது. அலுவலகம்தான் தமிழ்நாட்டுக்கு ஒன்று, புதுச்சேரிக்கு ஒன்று. லேபிள் விதி இரண்டுக்கும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2020-ல் போட்டதுதான்.

அந்த விதி கேட்பவை: ஆற்றல், புரதம், கார்போஹைட்ரேட், மொத்தச் சர்க்கரை, சேர்க்கப்பட்ட சர்க்கரை, மொத்தக் கொழுப்பு, நிறைவுற்ற கொழுப்பு, டிரான்ஸ் கொழுப்பு (வனஸ்பதி மாதிரி எண்ணெயைக் கெட்டியாக்கும்போது உண்டாவது), கொலஸ்ட்ரால், சோடியம். இவற்றை 100 கிராமுக்கு, அல்லது 100 மில்லிக்கு, எவ்வளவு என்று போட வேண்டும். ஒருவர் ஒருமுறை சாப்பிடும் அளவு ஒரு நாள் தேவையில் எத்தனை சதவீதம் என்பதும் வேண்டும். ஒரு நாள் கணக்குக்கு 2000 கிலோகலோரி, 67 கிராம் கொழுப்பு, 22 கிராம் நிறைவுற்ற கொழுப்பு, 2 கிராம் டிரான்ஸ் கொழுப்பு, 50 கிராம் சேர்க்கப்பட்ட சர்க்கரை, 2000 மில்லிகிராம் சோடியம் என்று விதியே எடுத்துக் கொடுத்துவிட்டது. தமிழில் மட்டும் அச்சடித்தால் போதாது. ஆங்கிலமோ இந்தியோ இருந்தே ஆக வேண்டும், தமிழ் அதோடு கூடுதலாக இருக்கலாம்.

எண்ணை எந்த வழியில் பெற்றீர்கள் என்பதைவிட, எடுத்துச் சோதித்தால் நிற்குமா என்பதே முக்கியம். நிற்காவிட்டால் பண்டம் 'தவறாக லேபிள் இடப்பட்டது' என்ற கணக்கில் வரும். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 52-வது பிரிவில் அதற்கு 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் போட இடமிருக்கிறது. அடுத்தவர் பாக்கெட்டைப் பார்த்து எழுதுகிறவர், அவருடைய எண்ணெயையும் அவருடைய உப்பையும் சேர்த்தே தன் தலையில் ஏற்றிக்கொள்கிறார். அந்த வழியை இத்தோடு விட்டுவிடுவோம்.

கணக்கு

இதற்கு நம்மிடம் நல்ல ஆதாரம் இருக்கிறது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட இந்திய உணவுச் சத்துப் பட்டியலில் 528 உணவுப் பொருட்கள் இருக்கின்றன. நம் நாட்டுச் சந்தைகளிலிருந்து எடுத்துவந்து சோதித்தவை. பொன்னி அரிசியா வேறா என்று அதில் தேடாதீர்கள். ஆனால் உளுந்து, எள், வேர்க்கடலை, வெல்லம், பலாச்சுளை எல்லாம் உண்டு.

முந்திரி மிட்டாயை எடுத்துக்கொள்வோம். 600 கிராம் முந்திரி, 400 கிராம் வெல்லம். முந்திரியில் 100 கிராமுக்குப் புரதம் சுமார் 19 கிராம், கொழுப்பு 45, கார்போஹைட்ரேட் 25. வெல்லத்தில் சுமார் 85 கிராம் கார்போஹைட்ரேட். மற்றது விட்டுவிடும் அளவு. பெருக்கினால் மொத்தம் புரதம் 114, கொழுப்பு 270, கார்போஹைட்ரேட் 490 கிராம்.

இப்போதுதான் கவனம் வேண்டும். போட்டது ஒரு கிலோ என்பதற்காகப் பத்தால் வகுக்கக் கூடாது. பருப்பு வறுபடும்போது ஈரம் போகும், பாகு பதத்துக்கு வருவதற்குள் வெல்லத்திலிருந்த ஈரமும் போகும். ஆறிய பிறகு வில்லை போட்டுத் தராசில் வைத்தால் 950 கிராம் நிற்கிறது என்று வையுங்கள். 9.5-ஆல் வகுத்தால் 100 கிராமுக்குப் புரதம் 12, கொழுப்பு 28.4, கார்போஹைட்ரேட் 51.6. புரதத்துக்கும் கார்போஹைட்ரேட்டுக்கும் கிராமுக்கு 4, கொழுப்புக்கு 9 என்று பெருக்கிக் கூட்டினால் 510 கிலோகலோரி. பத்தால் வகுத்திருந்தால் 485-தான் வந்திருக்கும். 25 கலோரி எங்கும் போய்விடவில்லை, ஆவியாகப் போனது தண்ணீர்தான். ஆகவே கணக்குப் போடுகிறவருக்கு முதல் கருவி தராசு. பேனா அதற்கப்புறம்.

இதே மிட்டாயில் இன்னொரு சங்கதி. வெல்லம் 'சேர்க்கப்பட்ட சர்க்கரை'தான். நம் பக்கம் பலர் வெல்லம் போட்டதற்காகவே "சர்க்கரை சேர்க்காதது" என்று பெரிய எழுத்தில் அடிக்க ஆசைப்படுவார்கள். அப்படிப் போட முடியாது. மேலே உள்ள கணக்கில் 100 கிராமுக்கு அது சுமார் 36 கிராம். முந்திரியிலேயே இயல்பாக இருக்கும் கொஞ்சத்தையும் கூட்டினால் மொத்தச் சர்க்கரை 39-ஐத் தாண்டும். 30 கிராம் ஒரு தடவைக்கான அளவு என்றால், நாள் கணக்கான 50 கிராமில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அந்த வில்லையிலேயே முடிந்துவிடுகிறது. அச்சடிக்க மனம் வராது. ஆனாலும் போடத்தான் வேண்டும்.

அந்தப் பட்டியலைப் பயன்படுத்துகிறவர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அதில் ஆற்றல் கிலோஜூலில் இருக்கிறது, கிலோகலோரியில் இல்லை. 4.184-ஆல் வகுக்காமல் எடுத்துப் போட்டால் மிட்டாய் பாக்கெட்டில் இரண்டாயிரத்துச் சொச்சம் கலோரி நிற்கும். சுத்தமான எண்ணெயே 100 கிராமுக்கு 900-தான். அதற்கு மேல் எந்த லேபிளில் கலோரி இருந்தாலும் அது பெரும்பாலும் இங்கிருந்து வந்த கோளாறுதான்.

உப்புக் கணக்கும் எளிதுதான். ஒரு கிராம் உப்பில் ஏறக்குறைய 400 மில்லிகிராம் சோடியம். பேக்கரிக்காரர்கள் உப்பை எண்ணுவார்கள், சமையல் சோடாவை மறந்துவிடுவார்கள். அதில் கிராமுக்கு 270-க்கு மேல் சோடியம் இருக்கிறது. வெண்ணெயும் உப்பு போட்டதா போடாததா என்று பார்க்க வேண்டும்.

ஆப்

இணையத்தில் கிடைக்கும் லேபிள் கால்குலேட்டர்கள் பெரும்பாலும் அமெரிக்காவுக்காகச் செய்தவை. பொருள் பெயரைத் தட்டினால் கறுப்புக் கோடு போட்ட பெட்டி ஒன்று அழகாக வந்து நிற்கும். அந்த அழகில்தான் ஆபத்து. அந்தப் பெட்டி அவர்கள் நாட்டு விதிக்கு. அங்கே ஒருமுறை சாப்பிடும் அளவை வைத்துத்தான் எல்லாம். இங்கே 100 கிராம் கணக்கு வேண்டும். அவர்கள் விட்டமின் டி, கால்சியம், இரும்பு, பொட்டாசியம் கேட்கிறார்கள். இங்கே அவை கட்டாயப் பட்டியலில் இல்லை. ஒரு தடவை அளவில் டிரான்ஸ் கொழுப்பு அரை கிராமுக்குக் கீழே இருந்தால் அங்கே பூஜ்யம் என்று எழுதிவிடலாம். அந்தப் பூஜ்யத்தை இங்கே தூக்கிவந்து ஒட்டக் கூடாது.

அதைவிட ஆழத்தில் இருப்பது தரவு. அந்த ஆப்கள் பெரும்பாலும் அமெரிக்க வேளாண் துறையின் தரவுத் தளத்தை வைத்து ஓடுகின்றன. அதில் கார்போஹைட்ரேட் என்பது நார்ச்சத்தையும் உள்ளடக்கிய எண். நம் ஹைதராபாத் பட்டியலில் நார்ச்சத்தைத் தனியே கழித்துவிட்டுக் கொடுத்திருக்கிறார்கள். பாதிப் பொருளுக்கு அங்கிருந்தும் பாதிக்கு இங்கிருந்தும் எடுத்தால், கொள்ளு, எள், கேழ்வரகு மாதிரியான பண்டங்களில் கூட்டுத்தொகை உதைக்கும். எந்தப் பட்டியலை எடுத்தாலும் ஒன்றிலேயே நில்லுங்கள்.

ஆனாலும் ஆப்பை ஒரேயடியாக ஒதுக்க மாட்டேன். இருபது முப்பது வகை பண்டம் போடுகிறவர், அளவை அடிக்கடி மாற்றிப் பார்க்கிறவர், சமையல் குறிப்பு எழுதி ஒரு தட்டுக்கு எத்தனை கலோரி என்று போடுகிறவர் ஆகியோருக்கு அது கை நோவாமல் வேலை முடிக்கும். இந்திய வடிவத்தையும் இந்தியத் தரவையும் தருகிற ஆப் என்றால் காசு கொடுக்கலாம். இல்லையென்றால் எக்செல் தாள் ஒன்று போதும். ஆரோவில் பக்கமிருந்து ஜாமோ சாக்லேட்டோ வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்கள் கதை வேறு. அமெரிக்காவுக்குப் போனால் அந்தப் பெட்டிதான் வேண்டும். ஐரோப்பாவுக்குப் போனால் கிலோஜூல், கிலோகலோரி இரண்டும் வேண்டும், சோடியத்துக்குப் பதிலாக உப்பு வேண்டும் (சோடியத்தை 2.5-ஆல் பெருக்கினால் உப்பு). அவர்களுக்கு ஆப் கட்டணம் செலவே இல்லை.

லேப்

"லேப்ல குடுத்துட்டா எல்லாத்தையும் அவங்களே பாத்துப்பாங்கல்ல தம்பி?" என்று முறுக்கு போடும் அக்கா ஒருவர் கேட்டார். நானும் "இல்லக்கா, பாதிதான் பாப்பாங்க" என்றேன். நம்பவில்லை. ரிப்போர்ட்டை எடுத்து வைத்து வரிவரியாகக் காட்டிய பிறகுதான் ஒத்துக்கொண்டார்.

ஈரம், சாம்பல், கொழுப்பு, நைட்ரஜன் ஆகியவற்றை லேபில் அளக்கிறார்கள். நைட்ரஜனை ஒரு காரணியால், வழக்கமாக 6.25-ஆல், பெருக்கிப் புரதம் என்கிறார்கள். கார்போஹைட்ரேட்டை நேரடியாக அளப்பது அரிது. நூறிலிருந்து மற்றதையெல்லாம் கழித்தால் மிஞ்சுவது அது. ஆற்றலும் அங்கேயும் 4, 4, 9 பெருக்கல்தான். சேர்க்கப்பட்ட சர்க்கரையை எந்தக் கருவியாலும் பிரிக்க முடியாது. மொத்தச் சர்க்கரையை அளக்கலாம். அதில் எது பலாச்சுளையிலிருந்து வந்தது, எது நீங்கள் கொட்டியது என்று இயந்திரத்துக்குத் தெரியாது. செய்முறைத் தாளைப் பார்த்துத்தான் போட வேண்டும். ஆகவே லேபுக்கே போனாலும் அளவுக் கணக்கு கையில் இருந்தாக வேண்டும்.

லேப் இல்லாமல் முடியாத இடம் ஒன்று உண்டென்றால் அது வாணலி. முறுக்கு எவ்வளவு எண்ணெய் குடித்தது என்பதைக் கணக்கால் துல்லியமாகப் பிடிக்க முடியாது. ஒரு வழி இருக்கிறது: அடுப்பேற்றும் முன் எண்ணெயை எடை போடுவது, முடிந்து ஆறிய பின் மறுபடி போடுவது. 3000 கிராம் ஊற்றி 2550 மிஞ்சினால் 450 போயிருக்கிறது. 1400 கிராம் முறுக்கு வந்திருந்தால் 100 கிராமுக்கு 32 கிராம் கொழுப்பு என்று தோன்றும். ஆனால் அந்த 450 கிராமும் முழுசாக முறுக்குக்குள் போய்விடவில்லை. சாரணியில் ஒட்டியது, வடிதட்டுக்கு அடியில் விரித்த காகிதம் உறிஞ்சியது, அடியில் தங்கிய கசண்டோடு சேர்த்துக் கொட்டியது என்று 60 கிராம் போயிருந்தால், உண்மையில் 28 கிராம்தான். எண்ணெய் காய்ந்தது போதாமல் போட்டால் கூடும், மாவு தளர்ந்தால் கூடும், அச்சு மாறினால் மாறும். பலாச்சுளை வறுவலுக்கும் இதே கதைதான், சுளை எவ்வளவு பழுத்தது என்பதைப் பொறுத்து இன்னும் மோசம். கொழுப்பில் நாலு கிராம் தவறினால் மற்ற எண்கள் எல்லாமே நகர்ந்துவிடும்.

கருவாட்டுக்கு வேறு சிக்கல். நெத்திலியின் புரதத்தைப் பட்டியலிலிருந்து எடுத்து, காய்ந்து குறைந்த எடைக்குச் சரிக்கட்டி ஒருமாதிரி போட்டுவிடலாம். சோடியத்தைப் போட முடியாது. உப்பில் எத்தனை நேரம் கிடந்தது, தண்ணீரில் அலசினார்களா, முதுநகரில் யார் களத்தில் காய்ந்தது என்பதைப் பொறுத்து அது ஏறி இறங்கும். 2000 மில்லிகிராம்தான் நாள் கணக்கு என்னும்போது கருவாட்டில் அந்த வரியைத்தான் வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டும். அதை யூகத்தில் எழுதலாகாது.

எங்கே கொடுப்பது என்றால், ஆய்வகங்களின் தரத்தைப் பார்த்துச் சான்று தரும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எல்.-இன் அங்கீகாரமும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. அங்கீகாரமும் உள்ள லேபாகப் பாருங்கள். சென்னையில் தனியார் லேப்கள் நிறைய. தஞ்சாவூரில் மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்டெம் இருக்கிறது. கடலூரிலிருந்து போய்வரத் தக்க தூரம்தான். அங்கீகாரம் என்பது லேபுக்கு ஒட்டுமொத்தமாக இல்லை, ஒவ்வொரு சோதனைக்கும் தனித்தனி. சோடியத்துக்கு இருக்கும், கொழுப்பமிலத்துக்கு இருக்காது. கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

செலவைக் குறைக்கவும் வழி இருக்கிறது. 'நியூட்ரிஷன் பேனல்' என்று முழுசாகக் கேட்டால் ஒரு பண்டத்துக்குச் சில ஆயிரம் ஆகிவிடும். முறுக்கில் நெய், வெண்ணெய் இல்லையென்றால் கொலஸ்ட்ராலைச் சோதிக்க வேண்டியதே இல்லை. தாவரப் பொருளில் அது இருக்காது. விலை கூடியது, நிறைவுற்ற கொழுப்பையும் டிரான்ஸ் கொழுப்பையும் பிரித்துக் காட்டும் கொழுப்பமிலச் சோதனை. அதற்குப் பதிலாக மொத்தக் கொழுப்பை மட்டும் லேபில் அளந்துவிட்டு, நீங்கள் ஊற்றும் எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு எத்தனை பங்கு என்பதை வைத்து மீதியைக் கணக்கில் எடுக்கலாம். வனஸ்பதியோ மார்ஜரினோ போடும் பேக்கரிக்கு மட்டும் இந்தக் குறுக்குவழி வேண்டாம். 2022 ஜனவரியிலிருந்து எண்ணெய், கொழுப்பு வகைகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று இருக்கிறது. பஃப்ஸும் கேக்கும் பாக்கெட்டில் போகிறவர்கள் அந்த எண்ணை லேபில் பார்த்தே அச்சடிப்பது நல்லது.

யாருக்கு எது

எள்ளுருண்டை, முந்திரி மிட்டாய், சத்துமாவு, தோசை மாவு, பருப்புப்பொடி: கணக்கு போதும், லேப் செலவு வீண். தோசை மாவு புளிப்பதில் சர்க்கரை கொஞ்சம் மாறும். ஊற்றிய தண்ணீரை அளந்து சேர்த்திருந்தால் மற்றவை நிற்கும். முறுக்கு, மிக்சர், பலா வறுவல்: கணக்கோடு கொழுப்பும் ஈரமும் லேபில். கருவாடு, இறால் தொக்கு: சோடியமும் கொழுப்பும் லேபில். முன்பக்கத்தில் 'புரதம் நிறைந்தது', 'கொழுப்பு குறைந்தது' என்று ஏதாவது பெருமை அடிக்கப் போகிறீர்களா? அப்போது அந்தச் சத்துக்கு லேப் ரிப்போர்ட் இல்லாமல் அச்சகத்துப் பக்கமே போகாதீர்கள். அந்த மாதிரி வாசகங்களுக்கு எத்தனை கிராம் இருந்தால் சொல்லலாம் என்று தனி விதி 2018-லிருந்து இருக்கிறது. பொய்யான விளம்பரம் என்று ஆகிவிட்டால் அபராதம் 10 லட்சம் வரை போகும்.

லேபுக்குப் போகிறவர்களும் முதலில் கணக்கைப் போட்டுவிட்டுப் போங்கள் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. ரிப்போர்ட்டில் தட்டச்சுப் பிழை வரும், மாதிரி மாறிப்போகும். உங்கள் கணக்கில் கொழுப்பு 30 வந்து ரிப்போர்ட்டில் 13 இருந்தால், போன் போட்டு மறுபடி பார்க்கச் சொல்ல ஒரு பிடி வேண்டும். கணக்கே இல்லாதவர் 13-ஐ வாங்கிக் கும்பிட்டுவிட்டு அச்சடித்துவிடுவார்.

மாதிரி எடுப்பதையும் சரியாகச் செய்யுங்கள். லேபுக்கென்று அன்றைக்கு விசேஷமாகச் சுட்டதை அனுப்பக் கூடாது. வெவ்வேறு நாள் போட்ட ஈட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சம் எடுத்து, ஒன்றாக இடித்துக் கலந்து, காற்றுப் புகாமல் கட்டி அனுப்பினால் வருவது உங்கள் பண்டத்தின் சராசரி.

கடைசியாக எண்ணெய். கடலை எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு ஐந்தில் ஒரு பங்கு அளவுதான், பாமாயிலில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல். தீபாவளி நெருக்கத்தில் கடலை எண்ணெய் விலை ஏறினதும் பாமாயிலுக்கு மாறிவிட்டுப் பழைய லேபிளையே ஒட்டினால், மொத்தக் கொழுப்பு வரி சரியாகவே இருக்கும், அதற்கு அடுத்த வரி இரண்டு மடங்கு பொய்யாகிவிடும். மூலப்பொருள் பட்டியலும் அதோடு தப்பாகிவிடும். பவுச்சிலேயே அட்டவணையை அச்சடித்து ஐயாயிரம் பத்தாயிரம் என்று வாங்கி அடுக்கிவிட்டவர்களுக்குத்தான் இதில் நெஞ்சடைப்பு. எண்ணெய் மாறக்கூடிய பண்டமாக இருந்தால் பவுச்சில் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு, அட்டவணையையும் மூலப்பொருள் பட்டியலையும் தனி ஸ்டிக்கராக வைத்துக்கொள்ளுங்கள். கடலை எண்ணெய்க்கு ஒரு ரோல், பாமாயிலுக்கு ஒரு ரோல்.